முத்துப்பிள்ளைக்குப் பின்: நஞ்சுக்கொடிப் புற்றுநோயை அறிதலும் குணப்படுத்துதலும்

பெண்களுக்கு வரும் புற்றுநோய்கள் என்றதும் கருப்பைவாய், மார்பகம், சினைப்பை ஆகிய உறுப்புகளில் தோன்றுபவையே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். அவற்றோடு ஒப்பிட்டால் மிக அரிதான ஒரு புற்றுநோயைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம். இது தாயின் உறுப்பு எதிலும் பிறப்பதில்லை. கரு தரித்தபோது உருவான நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து பிறக்கிறது. ஆகவே ஒருமுறையேனும் கருவுற்ற பெண்களுக்கே இது வருகிறது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள்.

உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய பின்னரும் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்ற புற்றுநோய்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று. அப்படியிருந்தும் இந்நோயால் உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் சில பெண்கள் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். காரணங்கள் இரண்டு. பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் நீடிக்கும் உதிரப்போக்கை ‘வழக்கமானதுதான்’ என்று எண்ணி விட்டுவிடுவது ஒன்று. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தை அகற்றிய பின், உடம்பு தேறிவிட்டதே என்று ரத்தப் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் தடுப்பதில் குடும்பத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. அதனாலேயே இக்கட்டுரை நோயாளிகளோடு கணவருக்கும் தாய்க்கும் மாமியாருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

முத்துப்பிள்ளை என்பது என்ன?

கருப்பையில் குழந்தை வளர வேண்டிய இடத்தில், நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வளர்வதை நம் பெரியவர்கள் ‘முத்துப்பிள்ளை’ என்று அழைத்தார்கள். பார்வைக்குத் திராட்சைக் குலையைப் போலவும் முத்துகளைக் குவித்தது போலவும் இருப்பதால் வந்த பெயர். ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு ஆகின்றன.

இதில் இரு வகைகள் உள்ளன. தாயின் மரபுப்பொருள் இல்லாத வெற்றுச் சினைமுட்டையில் விந்தணு சேரும்போது உருவாவது முழுமையான முத்துப்பிள்ளை. இதில் குழந்தையே உருவாவதில்லை. ஒரு சினைமுட்டையில் இரு விந்தணுக்கள் சேர்ந்து, 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 69 அமைந்துவிடும்போது உருவாவது பகுதி முத்துப்பிள்ளை. இதில் கருவின் சில பகுதிகள் தோன்றினாலும் அது பிழைத்து வளரும் நிலையில் இருப்பதில்லை.

இது கருத்தரிக்கும் கணத்திலேயே நிகழ்ந்துவிடுகிற ஒரு பிசகு. பப்பாளி சாப்பிட்டதாலோ, கிரகணத்தின்போது வெளியே சென்றதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, கண்ணேறு பட்டதாலோ இது வருவதில்லை. மனைவியின் குற்றமும் அன்று, கணவனின் குற்றமும் அன்று. குழந்தையை எதிர்பார்த்து ஏமாந்த துக்கத்தோடு பழியையும் ஒரு பெண்மீது சுமத்துவது பெரும் கொடுமை. அந்தப் பழிக்கு அஞ்சியே சிலர் தொடர் பரிசோதனைக்கு வரத் தயங்குவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முத்துப்பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்ததும், மயக்க மருந்து கொடுத்து, உறிஞ்சும் கருவியால் கருப்பையைத் தூய்மை செய்கிறோம். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். ரத்தப் பிரிவு நெகட்டிவ் ஆக இருப்போருக்குத் தேவைப்படும்போது ஆன்டி-டி ஊசியும் போடுகிறோம். பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை இதோடு முடிந்துவிடுகிறது. எல்லோருக்கும் அல்ல.

எப்போது புற்றுநோயாகிறது?

முழுமையான முத்துப்பிள்ளை உண்டான 100 பெண்களில் 15 முதல் 20 பேருக்கு, தூய்மை செய்த பின்னும் கருப்பைச் சுவரில் எஞ்சிய திசு மீண்டும் வளரத் தொடங்குகிறது. பகுதி முத்துப்பிள்ளையில் இந்த அபாயம் 100-இல் 5-க்கும் குறைவு. நஞ்சுக்கொடித் திசுவுக்கு இயல்பிலேயே கருப்பைச் சுவரைத் துளைத்து, தாயின் ரத்தக் குழாய்களைத் தேடிச் செல்லும் ஆற்றல் உண்டு. குழந்தைக்கு உணவூட்ட இயற்கை அளித்த ஆற்றல் அது. கட்டுப்பாட்டை இழந்துவிட்டால் அதே ஆற்றல் ரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும், சில வேளைகளில் கல்லீரலுக்கும் மூளைக்கும் திசுவைக் கொண்டு சேர்க்கிறது.

இந்நோய்களுள் மிக வேகமாகப் பரவக்கூடியது கோரியோகார்சினோமா என்னும் வகை. இவ்வகையில் ஏறத்தாழ பாதி முத்துப்பிள்ளைக்குப் பின் வருகிறது. மீதிப் பாதி, கருச்சிதைவுக்கோ கருக்குழாய்க் கர்ப்பத்துக்கோ நல்லபடியாக நடந்த பிரசவத்துக்கோ பின் வருகிறது. ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றெடுத்த தாய்க்கும் வரலாம் என்பதாலேயே பலமுறை இதைப் பற்றி யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

ரத்தத்தில் தெரியும் எண்

கர்ப்பம் உறுதியா என்று வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்க்கும் அட்டையை அனைவரும் அறிவர். அந்த அட்டை கண்டறிவது எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனை. நஞ்சுக்கொடித் திசுதான் அதைச் சுரக்கிறது. நஞ்சுக்கொடிப் புற்றுநோயின் செல்களும் அதையே சுரக்கின்றன. ஆகவே ரத்தத்தில் எச்.சி.ஜி. எவ்வளவு என்று அளந்தால், உடலில் அந்தத் திசு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை ஏறக்குறைய அறிந்துகொள்ளலாம். வேறெந்தப் புற்றுநோயிலும் மருத்துவருக்கு இவ்வளவு நம்பகமான வழிகாட்டி கிடைப்பது அரிது.

முழுமையான முத்துப்பிள்ளையில் இந்த எண் ஒரு லட்சத்தையும் தாண்டுவதுண்டு. தூய்மை செய்த பின் வாரந்தோறும் அளக்கிறோம். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குள் அது இயல்பான அளவுக்கு, அதாவது பெரும்பாலான ஆய்வகங்களின் கணக்கில் 5-க்கும் கீழே, இறங்கிவிடும். அதன் பின்னும் முத்துப்பிள்ளையின் வகையைப் பொறுத்துச் சில மாதங்களுக்கு மாதம் ஒருமுறை பார்க்கிறோம்.

எண் இறங்காமல் மூன்று வாரங்களில் எடுத்த நான்கு பரிசோதனைகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரங்களில் எடுத்த மூன்று பரிசோதனைகளில் ஏறிக்கொண்டே சென்றாலோ, நோய் மீண்டும் வளர்கிறது என்று முடிவு செய்கிறோம். இந்நிலையில் பெண்ணுக்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பல வேளைகளில் உதிரப்போக்கும் இருக்காது. எண் மட்டுமே பேசும். அதைக் கேட்க ஒருவர் வந்தாக வேண்டும்.

இரண்டு குறிப்புகள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவுமுறை மாறுவதால் எண்களை ஒப்பிடுவதில் குழப்பம் நேரும். அடுத்து, ஹார்மோன் மிக மிக அதிகமாக இருக்கும்போது சிறுநீர்ச் சோதனை அட்டை சில வேளைகளில் ‘இல்லை’ என்றே காட்டிவிடக்கூடும். ஐயம் இருந்தால் ரத்தப் பரிசோதனையே தீர்வு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பிரசவம், கருச்சிதைவு, முத்துப்பிள்ளை ஆகிய எதற்குப் பின்னும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினால் மருத்துவரிடம் செல்லுங்கள்:

• ஆறு வாரங்களைத் தாண்டியும் நிற்காத, அல்லது நின்று மீண்டும் தொடங்கும் முறையற்ற உதிரப்போக்கு
• விடாத இருமல், இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல்
• பிறப்புறுப்பில் நீலமும் சிவப்பும் கலந்த கட்டி
• புதிதாகத் தொடங்கிய கடுந் தலைவலி, வலிப்பு, கை கால் செயலிழப்பு

இவற்றுள் கடைசியானது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே வர வேண்டிய நிலை.

எங்களிடம் வந்த ஓர் இளம் தாயைப் பற்றிச் சொல்வது பொருந்தும். சுகப்பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்து அவருக்கு விட்டுவிட்டு உதிரப்போக்கு இருந்தது. பாலூட்டும் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். பின்னர் இருமலில் ரத்தம் வந்தது. காசநோயாக இருக்கலாம் என்று கருதி வேறோரிடத்தில் அதற்கான மருந்து தொடங்கப்பட்டது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. மருந்து எடுத்தும் இருமல் குறையவில்லை. எங்களிடம் வந்தபோது மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களிலும் வட்ட வட்டமான நிழல்கள் இருந்தன. கைக்குழந்தையோடு நின்ற அவரிடம் கடைசிப் பிரசவம் எப்போது, அதன் பின் உதிரப்போக்கு எப்படி என்று கேட்டோம். அந்தப் பதிலே எச்.சி.ஜி. பரிசோதனைக்கு வழிகாட்டியது. அன்று மாலையே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பல மாதச் சிகிச்சைக்குப் பின் அவர் குணமடைந்தார். உதிரப்போக்கு தொடங்கிய வாரத்திலேயே அந்த ஒரு ரத்தப் பரிசோதனை நடந்திருந்தால், இதைவிட எளிய சிகிச்சையே போதுமானதாக இருந்திருக்கக்கூடும்.

இருமலில் ரத்தம் வந்தால் காசநோயைத்தான் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு அதோடு எச்.சி.ஜி.யையும் பார்த்துவிடுவது நல்லது.

நோயைக் கணித்தல்

‘சதையை எடுத்துப் பார்க்காமல் புற்றுநோய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மற்றப் புற்றுநோய்களில் திசுப் பரிசோதனை இல்லாமல் சிகிச்சை தொடங்குவது அரிது. இதில் எச்.சி.ஜி.யும் ஸ்கேனும் நோயாளியின் வரலாறுமே பெரும்பாலும் போதுமானவை. மேலும் இக்கட்டிகளில் ரத்தக் குழாய்கள் நிரம்பியிருக்கும். குறிப்பாகப் பிறப்புறுப்பில் தோன்றும் கட்டியைக் கிள்ளி எடுத்தால் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்படலாம். அதனால் அதைத் தொடாமலே விடுகிறோம்.

இடுப்புப் பகுதி ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் அனைவருக்கும் எடுக்கிறோம். நுரையீரலில் பரவியிருந்தால் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேனும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படும். பின்னர் மதிப்பெண் இடுகிறோம். நோயாளியின் வயது, முந்தைய கர்ப்பம் எவ்வகை, அது முடிந்து எத்தனை மாதம், எச்.சி.ஜி. அளவு, பெரிய கட்டியின் பருமன், எங்கே பரவியுள்ளது, எத்தனை இடங்களில், முன்பு கொடுத்த மருந்து பலிக்காமல் போயிருக்கிறதா என்னும் எட்டுக் கேள்விகளுக்கு உலகெங்கும் ஒரே அளவுகோலில் மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை 6 வரை இருந்தால் குறைந்த அபாயம். 7-உம் அதற்கு மேலும் இருந்தால் அதிக அபாயம். பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே மதிப்பெண் குறைவதே நல்லது.

சிகிச்சை

குறைந்த அபாயப் பிரிவில் உள்ளவர்களுக்கு ஒரே மருந்து கொடுக்கிறோம். மெத்தோட்ரெக்சேட் அல்லது ஆக்டினோமைசின். மெத்தோட்ரெக்சேட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு ஊசிகளாகப் போட்டு, இடைப்பட்ட நாள்களில் உடலைக் காக்கும் ஃபோலினிக் அமிலத்தைக் கொடுப்பது பரவலான முறை. இது இரு வாரங்களுக்கு ஒருமுறை திரும்ப நடக்கும். இம்முறையில் முடி கொட்டுவது அரிது. சிலருக்கு முதல் மருந்து போதிய பலன் தராது. அதை எச்.சி.ஜி. உடனே காட்டிக்கொடுத்துவிடும்; மருந்தை மாற்றுகிறோம். இறுதியில் இப்பிரிவில் ஏறக்குறைய அனைவருமே குணமடைகிறார்கள்.

அதிக அபாயப் பிரிவினருக்கு ஐந்து மருந்துகளை வாரம் மாற்றி வாரம் சேர்த்துக் கொடுக்கிறோம். முடி உதிரும், வெள்ளணுக்கள் குறையும், சோர்வு இருக்கும். ஆயினும் இவர்களிலும் 100-க்கு 90 பேர் அளவில் குணமடைவது, தகுந்த அனுபவம் உள்ள மருத்துவமனைகளில் இன்று இயல்பாகிவிட்டது.

‘கருப்பையையே எடுத்துவிட்டால் என்ன?’ என்றும் கேட்கிறார்கள். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும், ரத்தப்போக்கு அடங்காதவர்களுக்கும், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத சில அரிய வகைகளுக்கும் அது உதவும். ஆனால் ரத்தத்தில் கலந்து வேறிடம் சென்ற செல்களைக் கத்தி தொடாது. கருப்பையை எடுத்தாலும் எச்.சி.ஜி. பரிசோதனை தொடர வேண்டும். இளம் பெண்களில் பெரும்பாலோருக்குக் கருப்பையைக் காத்தே நோயைக் குணப்படுத்த முடிகிறது.

எண் இறங்கிய பின்னும் ஏன் ஊசி?

எச்.சி.ஜி. இயல்பு நிலைக்கு வந்ததும் நோயாளிகள் மகிழ்ச்சியோடு ‘முடிந்ததா?’ என்று கேட்பார்கள். இன்னும் ஆறு வாரங்கள் என்போம். அவர்கள் முகம் வாடும். இதற்கான விடை இம்மருந்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920-களில் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, செல்கள் பெருகுவதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. மெத்தோட்ரெக்சேட் அவற்றுள் ஒன்று. 1948-இல் சுப்பாராவ் மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956-இல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும், பரவிய கோரியோகார்சினோமா இம்மருந்தால் மறைவதை உலகுக்கு அறிவித்தார்கள். திடக்கட்டியாக வளரும் ஒரு புற்றுநோய், பரவிய நிலையிலும், மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல்முறை.

அப்போது லீ ஒன்றை வலியுறுத்தினார். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்தால் போதாது. ஹார்மோன் முற்றிலும் மறையும்வரை மருந்து தொடர வேண்டும் என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக நச்சுத்தன்மையுள்ள மருந்தை நீட்டிப்பது அன்றைய மூத்தோருக்கு ஏற்புடையதாக இல்லை. லீ தம் பணியை இழந்தார். ஆனால் அவர் முறைப்படி சிகிச்சை பெற்றவர்களுக்கே நோய் திரும்பவில்லை என்பதைக் காலம் காட்டியது. 1972-இல் அவருக்கும் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. பரிசோதனையால் அளக்க முடியாத அளவுக்குச் சில செல்கள் எஞ்சியிருக்கலாம். கடைசி ஊசிகள் அவற்றுக்காகவே. இன்று எங்கள் வார்டில் ‘இன்னும் ஆறு வாரம்’ என்று சொல்லப்படும் சொல்லுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

சிகிச்சைக் காலத்தில் வீட்டில்

மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தே வேலை செய்கிறது. கர்ப்பத்தின்போது கொடுத்த சத்து மாத்திரைகள் வீட்டில் மீதமிருந்தால், அவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும். எங்களைக் கேட்காமல் அவற்றை எடுக்க வேண்டாம். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் இக்காலத்தில் கூடாது. தண்ணீரும் மோரும் இளநீரும் தாராளமாகக் குடிக்கலாம். வாய்ப்புண் வந்தால் காரம் குறைத்து, உப்பு நீரால் கொப்பளித்து, எங்களிடம் காட்டுங்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திராதீர்கள்.

குழந்தைக்குப் பாலூட்டும் தாய் இம்மருந்துகளின்போது பாலூட்டக் கூடாது. மற்றபடி குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம். குடும்பத்தோடு ஒன்றாக உண்ணலாம். இது தொற்றுநோய் அன்று.

நின்றுவிடும் வருகைகள்

எங்கள் கவலை அனைத்தும் இங்கேதான். முத்துப்பிள்ளையை அகற்றி மூன்றாவது வாரம் வரை பெரும்பாலோர் வருகிறார்கள். பின்னர் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். பேருந்துக் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை, ‘நன்றாகத்தானே இருக்கிறாய், எதற்கு வாரம் வாரம் ஊசி குத்திக்கொள்கிறாய்?’ என்னும் வீட்டாரின் பேச்சு. இவை எவையும் பொய்யான காரணங்கள் அல்ல என்பதை நாங்கள் அறிவோம். தொலைவில் இருப்பவர்கள் சொன்னால், ஊருக்கு அருகில் உள்ள ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து பரிசோதித்து முடிவை எங்களுக்கு அனுப்ப வழி செய்கிறோம். செலவு தடையாக இருந்தால் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேளுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவது ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இதைவிடக் கடினமானது அடுத்த குழந்தைக்கான அவசரம். கண்காணிப்பு முடியும் முன்பே கருவுற்றால், ஏறும் எச்.சி.ஜி. புதிய கர்ப்பத்தாலா பழைய நோயாலா என்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் கருத்தடையை வலியுறுத்துகிறோம். ஆணுறையோ மருத்துவர் தரும் கருத்தடை மாத்திரையோ போதும். எச்.சி.ஜி. இயல்பாகும்வரை காப்பர்-டி வேண்டாம். உறவினர்கள் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கும்போது, ‘டாக்டர் சொல்லும்வரை பொறுத்திருக்கிறோம்’ என்று சொல்ல வேண்டியவர் கணவர். அந்த ஒரு வாக்கியம் மனைவியின் தோளிலிருந்து பெரிய பாரத்தை இறக்கும்.

மீண்டும் தாய்மை

முத்துப்பிள்ளை மட்டும் வந்து, எண் தானாகவே இறங்கியவர்கள், கண்காணிப்புக் காலம் முடிந்ததும் கருத்தரிக்கலாம். கீமோதெரபி பெற்றவர்கள் அது முடிந்து ஓராண்டு பொறுக்க வேண்டும். பின்னர் பெரும்பாலோருக்கு இயல்பான கர்ப்பமும் ஆரோக்கியமான குழந்தையும் வாய்க்கின்றன. முத்துப்பிள்ளை மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100-இல் ஒன்று மட்டுமே. அடுத்த முறை கருவுற்றதும் விரைவில் ஒரு ஸ்கேன் எடுங்கள். பிரசவமாகி ஆறு வாரங்களில் ஒருமுறை எச்.சி.ஜி. பாருங்கள்.

நினைவில் வைக்க

• எந்தக் கர்ப்பத்துக்குப் பின்னும் முறையற்ற உதிரப்போக்கு நீடித்தால் எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
• முத்துப்பிள்ளை என்று சொல்லப்பட்டால், திசுப் பரிசோதனை முடிவையும் எல்லா எச்.சி.ஜி. சீட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். எந்த ஊர் சென்றாலும், எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அதைக் காட்டுங்கள்.
• உடம்பு நன்றாக இருந்தாலும், ‘இனி வர வேண்டாம்’ என்று நாங்கள் சொல்லும்வரை வாருங்கள்.

அந்தச் சொற்களைச் சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் எங்களுக்கும் மகிழ்ச்சியான நாள். அந்நாள்வரை வரவேண்டிய தேதி ஒவ்வொன்றையும் வீட்டு நாள்காட்டியில் யாரேனும் ஒருவர் குறித்து வைத்து, நினைவூட்டி அழைத்து வாருங்கள்.